சாந்தாமணியின் வயோலாவும் ஊர் வாயை மூடிய நாலு நிமிஷமும்

எங்கள் குடத்துப்பாளையத்தில் நானூறு வீடு, நானூறு வீட்டுக்கும் நானூறு பட்டறை, ஒவ்வொரு பட்டறையிலும் குறைந்தது மூன்று சுத்தியல், அந்தச் சுத்தியல்கள் காலை ஆறு மணிக்கு எழுந்தால் பொழுது சாயும்வரை பித்தளையையும் செம்பையும் குடமாகவும் அண்டாவாகவும் தவலையாகவும் அடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், இந்த ஊரில் பிறக்கிற குழந்தை "அம்மா" என்று சொல்வதற்கு முன்னால் "என்னது?" என்று கேட்கக் கற்றுக்கொள்கிறது. நாங்கள் பேசினால் வெளியூர்க்காரர்கள் சண்டை என்று நினைப்பார்கள், சண்டை போட்டால் கலவரம் என்று நினைப்பார்கள். ரகசியம் பேச வேண்டுமென்றால் வாய்க்கால் மேட்டைத் தாண்டிப் போக வேண்டும், இரண்டு பேர் வாய்க்கால் மேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தாலே அது என்ன ரகசியம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில்தான் சாந்தாமணி வயோலா கற்றுக்கொண்டாள், அதுவும் நாற்பத்தாறு வயதில், அதுவும் மூன்று வருடம், அதில் முதல் ஆறு மாதம் போக மிச்ச நாளெல்லாம் அவள் வாசிப்பதை நாங்கள் கண்ணாரப் பார்த்தோமே தவிர ஒருவர் காதிலும் அது விழவில்லை.

சாந்தாமணிக்குத் தொழில் ஒடுக்கு எடுப்பது. லாரியில் இடிபட்ட குடம், பந்தியில் உருண்ட அண்டா, மாமியார் மருமகள் பேச்சுவார்த்தையில் பறந்துபோய்ச் சுவரில் மோதிய சொம்பு, எதுவானாலும் அவளிடம் வரும். கையில் வாங்கியதும் நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டுவாள், அந்த ஓசையிலேயே ஒடுக்கு எங்கே, எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடுவாள், பிறகுதான் கண்ணால் பார்ப்பாள். அவள் புருஷன் ஆறுச்சாமி மினி வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் மாற்றிக் கொடுக்கிறவர். ஒலிபெருக்கி பழுதானால்கூட அவர் வியாபாரம் நின்றதில்லை, தொண்டை அப்படி. சத்தம் போடுகிற ஊரில் அவர்தான் முதல் சத்தம். நான் அவர்கள் வீட்டுக்கு எதிர்ப் பட்டறையில் மூடி அடிக்கிறவன், மூடிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கதையில் எனக்கு ஒரு சின்ன வேலைதான் கொடுத்தார்கள், அதையும் நான் கெடுத்தேன், அது பின்னால் வரும்.

எங்கள் தபாலாபீஸுக்கு நாகர்கோவிலிலிருந்து ஜாஸ்மின் ராணி என்று இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி மாற்றலாகி வந்தாள். வந்த இரண்டாவது வாரமே ஒரு நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாந்தாமணியைத் தேடி வந்தாள். தன் வாத்தியத்தில் தந்தியை நுணுக்கமாக முறுக்குகிற சின்னத் திருகாணி ஒன்று வளைந்துவிட்டது, நிமிர்த்தித் தர முடியுமா என்று கேட்கத்தான் வந்தாள். சாந்தாமணி திருகாணியைப் பார்க்கவே இல்லை. பெட்டிக்குள் படுத்திருந்த வயோலாவைத்தான் பார்த்தாள், பார்த்ததும் பதறிப்போனாள்.

"அட கெரகமே, இடுப்பு ரெண்டு பக்கமும் இப்படி ஒடுங்கிப் போயிருக்குதே! பஸ்ல போட்டு நசுக்கிப்போட்டாங்களா? குடு அம்மிணி, அரை மணி நேரத்துல எடுத்துத் தர்றேன்" என்று சொல்லி மரச்சுத்தியலையும் எடுத்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, தட்டிப்போடாதீங்க!" என்று ஜாஸ்மின் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அது ஒடுக்கு இல்ல, அதுக்க உருவமே அதுதான். வில்லு போயிட்டு வரதுக்கு எடம் வேணும்லா? அதுக்குத்தான் இடுப்பு."

"வயலினுங்களா?"

"வயலினுக்கு அக்கா முறை. இதுக்குப் பேரு வயோலா. உருவமும் பெருசு, குரலும் கனம்."

சாந்தாமணி பழக்கதோஷத்தில் கையை நீட்டி, இருக்கிறதிலேயே தடித்த தந்தியை நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டினாள். சுண்டியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எதிர்ப் பட்டறையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன், யாரோ சாவுச் செய்தி சொல்லிவிட்டார்களோ என்று பயந்துபோய் ஓடினால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, இருபது வருசமா ஒவ்வொரு பாத்திரத்தையும் சுண்டும்போது இந்தச் சத்தம் வரோணும்னுதான் நெனச்சுச் சுண்டுறேன். ஒடுக்கே இல்லாத சத்தம். இன்னைக்கு வரைக்கும் வந்ததில்லீங்க" என்றாள். பிறகு ஜாஸ்மினைப் பார்த்து, "எனக்குச் சொல்லிக் குடுப்பியா கண்ணு?" என்று கேட்டாள்.

ஜாஸ்மின் நேர்மையான பெண். "அக்கா, மொதல்லயே சொல்லிடுதேன். இதுல மேல தெரியற மாதிரி பாட்டு வராது. பாட்டு வயலினுக்கு, அடிக்குரல் செல்லோங்கற பெரிய வாத்தியத்துக்கு, நடுவுல நின்னு ரெண்டையும் சேத்துப் பிடிக்கதுதான் நம்ம வேலை. நான் சர்ச்சுல பதினாலு வருசம் வாசிச்சேன், நல்லா வாசிச்சேன்னு ஒரு ஆளு வந்து சொன்னதில்ல. நான் போகாத அன்னிக்கி மட்டும் என்னமோ கொறையுதேன்னு சொல்லுவாங்க."

"அது போச்சாது, பரவால்ல. சொல்லிக் குடு" என்றாள் சாந்தாமணி.

தன் ஊர்ச் சர்ச்சுப் பாடகர் குழுவின் அலமாரியில், யாரும் எடுத்துக்கொள்ள முன்வராததால் பதினோரு வருடம் சும்மா கிடந்த இன்னொரு வயோலாவை ஜாஸ்மின் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள், பாடம் தொடங்கியது. சுத்தியல் பிடித்த கை வில்லையும் சுத்தியல் மாதிரியே பிடித்தது. கட்டைவிரலை மடக்குங்க, சுண்டுவிரலை வில்லு மேல நிக்க வையுங்க, அழுத்தாதீங்க, கையோட கனத்தை மட்டும் விடுங்க என்று ஜாஸ்மின் சொல்ல, அழுத்தியே இத்தனை காலம் பிழைத்தவள் அழுத்தாமல் இருப்பதற்குப் படாத பாடு பட்டாள். தோளில் துண்டை மடித்து வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கழுத்து பிடித்துக்கொண்டு, தைலம் தேய்த்து, எட்டாத நான்காவது விரலை எட்ட வைக்க மாவரைக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதை நீட்டி நீட்டி மடக்கி, அவள் ஆறு மாதம் வாசித்தது எங்களுக்கு நன்றாகவே கேட்டது. தகரப் பெட்டியைச் சிமெண்ட் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது. "அம்மிணி, யாரு ஊட்டுக் கதவுக்கு எண்ணெய் போடோணும்?" என்று நான் பட்டறையிலிருந்து கத்துவேன். "உங்க மூடிக்குத்தானுங்கண்ணா, ஒண்ணுகூட பாத்திரத்தோட சேர மாட்டேங்குதாமா!" என்று அவளும் கத்துவாள்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சாந்தாமணி முதன்முதலாக வில்லை அடியிலிருந்து நுனிவரை கோணாமல், அழுத்தாமல், தடித்த தந்தியின் மேல் முழுதாக இழுத்தாள், அந்த நொடியில் வயோலாவின் சத்தம் எங்கள் காதிலிருந்து போய்விட்டது. அவள் இழுப்பது தெரிகிறது, தந்தி அதிர்வது தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக மற்ற எல்லாம் சேர்ந்துகொண்டது. என் சுத்தியல் மூடியில் விழுந்த சத்தமும், பக்கத்துப் பட்டறையில் அண்டா அடிக்கிற சத்தமும், அதற்கு அடுத்த தெருவில் குத்துவிளக்கு கடைகிற சத்தமும், மேலும் கீழுமாக ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, ஒரே கை அடிப்பதுபோல ஒன்றாகத் தூக்கி ஒன்றாக விழுந்தன, பாலிஷ் மோட்டார் அடியில் நின்று முனகியது, நாலாவது வீட்டுக் குக்கர் விசிலடித்தது, அந்த விசிலும் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. டீ மாஸ்டர் டீயை ஆற்றுவதை நிறுத்தாமலே "நல்லாருக்குதே" என்றார். நாங்களும் நல்லாத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தோம்.

அவள் தந்தியிலிருந்து வில்லை எடுத்தால் பழைய கச்சாமுச்சா, தந்தியில் வைத்து இழுத்தால் மறுபடி ஊர் சேர்ந்துகொள்ளும். இரண்டே நாளில் இது ஊருக்கே புரிந்துவிட்டது, மூன்றாம் நாளிலிருந்து அவளுக்குச் சிபாரிசுகள் வரத் தொடங்கின. பெண் பார்க்க வருகிறார்கள், பெண்ணின் அப்பாவுக்குப் பேச்சு கொஞ்சம் முரடு, அஞ்சு மணிக்குச் செத்த நேரம் வாசிக்க முடியுமா என்று ஒருவர் வந்தார். அவள் வாசித்தபோது அடித்த குடங்கள் மாதக்கணக்கில் முனகாமல் ஒலிக்கின்றன என்று மொத்த வியாபாரிகள் சாந்தாமணி நேரத்தில் அடித்த சரக்குதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். மதில்சுவர்ப் பிரச்சினையில் ஒன்பது வருடம் முகம் பாராத அண்ணன் தம்பி இருவர், ஒரு நாள் அவள் வாசிக்கிற நேரம் தெரியாமல் தெருவில் இறங்கித் திட்டிக்கொண்டார்கள், அண்ணன் கீழே பிடிக்க, தம்பி மேலே எடுக்க, இரண்டு பேர் வாயிலிருந்து வந்த அத்தனை கெட்ட வார்த்தையும் அவ்வளவு அழகாகச் சேர்ந்து வந்ததில், கூடியிருந்தவர்கள் இன்னொரு தடவை திட்டச் சொல்லிக் கேட்டார்கள், இன்னொரு தடவை திட்டும்போது அவர்களுக்கே சிரிப்பு வந்து சண்டை நின்றுபோனது. கடைசியில் ஆளாளுக்கு அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பஞ்சாயத்துப் பலகையில் தண்ணீர் விடும் நேரத்துக்குக் கீழே சாந்தாமணி வாசிக்கும் நேரத்தையும் எழுதிப் போட்டார்கள்.

ஜாஸ்மினுக்கும் கேட்கவில்லை. அதனால் பாடம் நின்றதா என்றால் இல்லை. அவள் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைக் கேட்டாள். சாந்தாமணியின் விரல் சரியான இடத்தில் விழுந்தால் தெரு சேரும், மயிரிழை தப்பினால் எங்கேயாவது ஒரு சத்தம் பிசிறடிக்கும். "அக்கா, மூணாவது விரல் கீழ நிக்கு. பாருங்க, மூடிக்காரரு மூடி தனியா கத்துது" என்று அவள் சொல்வது எனக்கே கேட்கும். சாந்தாமணியின் மூன்றாவது விரல் தப்பும்போதெல்லாம் ஊரில் என் மூடிதான் தனியாகக் கத்தும், அது என்ன கணக்கோ தெரியாது. "விரலை ஏத்து அம்மிணி, என்ற மானம் போகுது!" என்று நான் கத்துவேன். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் அந்த மூன்றாவது விரலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

இப்படியே இரண்டரை வருடம் ஓடியது. ஊர் அவளைக் கொண்டாடியது. ஆனால் எதிர்வீட்டுக்காரனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, கொஞ்ச நாளாகச் சாந்தாமணி வாசித்து முடித்ததும் வயோலாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் அது கேட்டது, முழுதாகக் கேட்டது. ஒடுக்கே இல்லாத அந்தச் சத்தம் தினமும் அவள் தாடைக்குக் கீழே எழுந்தது, அதைக் காட்ட ஓர் ஆள் கிடைக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் ஆறுச்சாமி சாப்பிட்டுக்கொண்டே பேசியது தெருமுனைவரை கேட்டது, அவள் பதில் சொன்னதும் கேட்டது.

"திருப்பூர்ல ஒருத்தன் கேக்கறான் சாந்தா, உங்க ஊட்டுக்காரம்மாதான் அந்த ஊரையே சேத்து வெச்சிருக்கறவங்களாமான்னு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா!"

"சந்தோசமுங்க மாமா. நீங்க கேட்டீங்களா?"

"என்னத்த?"

"நான் வாசிக்கறத."

"அது யாருக்குமே கேக்காதே சாந்தா."

"அதான் மாமா சொல்றேன். மூணு வருசமா சமைக்கறேன், நானே திங்கறேன். ஊரே வவுறு நெறஞ்சுதுன்னு சொல்லுது, என்ன சமைச்சேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க ஒருத்தர் கேட்டாப் போதும் எனக்கு. ஒருக்கா கேட்டாப் போதும்."

ஆறுச்சாமி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். பாதியில் எழுந்த ஆறுச்சாமியை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதே வாரத்தில் ஜாஸ்மினுக்கு நாகர்கோவிலுக்கே மாற்றல் வந்தது. வரும் சனிக்கிழமை பதினொன்றே காலுக்கு வரும் பஸ்ஸில் கிளம்ப வேண்டும். அவளுக்கு ஊருக்குப் போகிற சந்தோஷம் ஒரு கண்ணில், அழுகை ஒரு கண்ணில். நடுவில் நிற்கிற வாத்தியத்துக்கென்றே, யாரும் துணை இல்லாமல் தனியாக வாசிக்கிற மாதிரி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாட்டைத் தானே எழுதி, ஒரு வருடமாகச் சாந்தாமணிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "மூணு வருசம் சொல்லிக் குடுத்தேன் அக்கா, எனக்க பிள்ளை இந்தப் பாட்ட எப்படி வாசிக்குன்னு ஒரு தடவகூட கேக்காம போறேன்" என்று நாற்பத்தொன்பது வயதுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை எங்கள் ஊருக்கு மாதாந்திர மின்தடை. பாலிஷ் மோட்டார்கள் நின்றிருந்தன, சுத்தியல்கள் மட்டும் ஓடின. ஆறுச்சாமி வீட்டில் ராகிக்களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், உள்ளறையில் சாந்தாமணி வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் வாசித்தால்தான் ஊரின் சுத்தியல்கள் எல்லாம் ஒன்றாகத் தூக்கி ஒன்றாக விழுமே, அப்படி எல்லாச் சுத்தியலும் ஒன்றாக மேலே இருந்த ஒரு கண்சிமிட்டு நேரத்தில், மோட்டார் இல்லை, தெருவில் வண்டி இல்லை, ஆறுச்சாமியின் வாயிலும் பெரிய களி உருண்டை. அந்த இடைவெளியில் அவருக்கு ஏதோ ஒன்று கேட்டது. நூல் அளவுதான், கேட்டதும் சுத்தியல்கள் விழுந்து அதை மூடிவிட்டன. களியை விழுங்காமலே தெருவுக்கு ஓடிவந்தார்.

"மூடிக்காரரே! கேட்டுப்போச்சு! என்ற பொண்டாட்டி வாசிச்சது கேட்டுப்போச்சு!"

"எப்படிங்க?"

"நாமெல்லாம் நிறுத்துனா கேக்குமுங்க! அவ மத்த சத்தத்தச் சேத்துப் பிடிக்கப் போயிர்றா. சேக்கறதுக்கு ஒரு சத்தமும் இல்லீனா, அவ சத்தம் வெளிய வந்துதானே ஆகோணும்?"

இது இவ்வளவு எளிது என்று இரண்டரை வருடம் எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் குடத்துப்பாளையத்தில் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. ஆறுச்சாமி வேனை எடுத்தார், இரண்டு பேட்டரியை மாட்டினார், ஊர் முழுக்க அறிவிப்புச் செய்தார். "அன்பார்ந்த பொதுமக்களே, வரும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நாலே நாலு நிமிஷம், தயவுசெஞ்சு எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருங்க!" என்று அவர் ஒலிபெருக்கியில் கத்தியதில் பக்கத்து மூன்று ஊர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். மணி அடித்ததும் நானூறு வீடும் நிறுத்தியது. ஆனால் பக்கத்தில் இருக்கிறவர் நிறுத்துகிறாரா என்று ஒவ்வொருவருக்கும் சந்தேகம், ஆகவே ஒருவரைப் பார்த்து ஒருவர் "உஷ்" என்றோம், உஷ் சொன்னவரைப் பார்த்து அடுத்தவர் "உஷ்" என்றார், ஆயிரத்தைந்நூறு பேர் சொன்ன உஷ் எல்லாம் அவள் வாசிப்பில் சேர்ந்துகொண்டு தெரு முழுக்க அழகாக ஓடியது. ஜாஸ்மின் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்தில் விடிய விடியப் பேசாத குறையாகப் பேசி முடிவெடுத்தோம். யாரும் யாருக்கும் உஷ் சொல்லக் கூடாது. சேவல்களையெல்லாம் கூடை போட்டுக் கவிழ்க்க வேண்டும். நாய்களுக்கு வயிறு முட்டத் தயிர்ச்சோறு. காக்கைகளுக்கு வாய்க்கால் மேட்டுக்கு அந்தப் பக்கம் படையல். கோயில் மணியின் நாக்குக்குத் துணி சுற்ற வேண்டும், பெண்கள் வளையலுக்கு ஈரத்துண்டு சுற்ற வேண்டும், கொலுசைக் கழற்ற வேண்டும், கைக்குழந்தைகள் அந்த நேரத்தில் பால் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வாரமாக விக்கல் நிற்காத கணக்குப்பிள்ளையைக் காக்கைகளோடு வாய்க்கால் மேட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பதினொன்றே கால் பஸ் முன்கூட்டியே வந்து பாலத்துக்கு அந்தப் பக்கமே இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கும் என்று கண்டக்டர் சத்தியம் செய்தார். எனக்குக் கொடுத்த வேலை என் மூடிகளை அசையாமல் அடுக்கி வைப்பது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சாந்தாமணி வீட்டுக்கு முன்னால் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பச்சைப் பட்டுச் சேலை, தோளில் அதே பழைய துண்டு. ஜாஸ்மின் பெட்டி படுக்கையைப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு எதிரில் நின்றாள். ஆறுச்சாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், கை போதாது என்று மேலே ஒரு துண்டையும் கட்டியிருந்தார். சுத்தியல்கள் நின்றன. மோட்டார்கள் நின்றன. டீ பாய்லரின் தணல் அவிந்தது. ஊர் ஒவ்வொரு தெருவாக அடங்குவது கேட்டது, எங்கள் காதுக்குள் இத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. சாந்தாமணி வில்லைத் தந்தியில் வைத்து இழுக்கத் தொடங்கினாள்.

என் பட்டறையில் மேலே இருந்த மூடி சரிந்தது. சரிந்த மூடி கீழே விழுந்தது, விழுந்த மூடி படியிறங்கித் தெருவில் உருண்டு ஓடி நடுத்தெருவில் சுற்றிச் சுற்றி டங்ங்ங் என்று படுத்தது. அவள் வாசிப்பில் சேர்ந்துகொண்டதால் அது உலகத்திலேயே இனிமையான மூடிச் சத்தமாக இருந்தது, ஆனால் ஆயிரத்தைந்நூறு பேர் என்னைப் பார்த்த பார்வையில் இனிமை இல்லை. திட்டவும் முடியாது, வாயைத் திறக்கக் கூடாதே. அத்தனை பேரும் சத்தமில்லாமல் என்னைத் திட்டினார்கள், உதட்டசைவிலேயே எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. நான் போய் மூடியை எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாந்தாமணி மறுபடி வில்லை வைத்தாள். இழுத்தாள். கேட்டது.

எப்படி இருந்தது என்று கேட்காதவர் இல்லை, சொல்லத் தெரிந்தவரும் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரிய தவலையில் வெந்நீர் விளாவும்போது தவலைக்குள்ளிருந்து ஒரு முழக்கம் வருமே, காதுக்குக் கேட்பதற்கு முன்னால் வயிற்றுக்குக் கேட்குமே, அதைப்போல ஒன்று கிளம்பி, மெல்ல ஏறி, ஒரு பெண் தன் பிள்ளை குட்டிகளைத் தூங்க வைத்துவிட்டுத் தனக்காக மட்டும் பேசிக்கொள்கிற குரலில் பேசியது. இத்தனை நாள் எங்கள் அத்தனை சத்தத்துக்கும் நடுவில் இருந்துகொண்டு எங்களைத் தாங்கியது இதுதான் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. டீ மாஸ்டர் அழுதார். மதில்சுவர் அண்ணன் தம்பி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஜாஸ்மின் கண்ணை மூடிக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள், நின்றவள் பாட்டின் நடுவில் திடீரென்று கண்ணைத் திறந்து, பேச முடியாததால் கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினாள். மூன்றாவது விரல். சாந்தாமணி தலையை ஆட்டிவிட்டு விரலை மயிரிழை ஏற்றினாள், நான் என் மூடியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தப்பு செய்ததும் தெருவெல்லாம் கேட்டுவிட்டது, அதில் அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. தன் தப்பை இன்னொருவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

ஆறுச்சாமி வாயிலிருந்து கையை எப்போது எடுத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல். சத்தமில்லாமல் அவர் ஒரு காரியம் செய்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாட்டு முடிந்தது. சாந்தாமணி வில்லை எடுத்து மடியில் வைத்தாள். நான்கு நிமிடம் கழிந்துவிட்டது, இனிமேல் பேசலாம், அடிக்கலாம், இருமலாம், ஆனால் முதல் சத்தத்தைப் போட யாருக்கும் மனசு வரவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸில் டிரைவர் சாவியில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று, ஆறு நிமிடம் ஆயிற்று. கடைசியில் ஆறுச்சாமிதான் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூன்று ஊருக்குக் கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து, பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரல் ஒன்று வந்தது.

"இன்னொருக்கா வாசிப்பியா சாந்தா?"

ஊரே அடங்கியிருந்ததால் அந்தக் கிசுகிசுப்பு கடைசித் தெருவரைக்கும் கேட்டுவிட்டது.

சாந்தாமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் சொல்ல நினைத்து, இந்தச் சத்தத்தில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்ட ஒன்றை, புது மணப்பெண்ணைப் போல முகம் சிவந்து சொன்னாள்.

"அப்படீன்னா செத்த வாயை மூடுங்க மாமா."

முதலில் சிரித்தது ஆறுச்சாமிதான். பிறகு ஜாஸ்மின், பிறகு நான், பிறகு தெரு, பிறகு அடுத்த தெரு, ஏழு நிமிடமாக அடக்கி வைத்த ஆயிரத்தைந்நூறு பேரின் சிரிப்பும் மொத்தமாகக் கிளம்பியது, கூடைக்குள்ளிருந்த சேவல்கள் கூவின, பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டியது, நான் நெஞ்சோடு வைத்திருந்த மூடியைத் தட்டினேன், வாய்க்கால் மேட்டிலிருந்து கணக்குப்பிள்ளையின் விக்கல்கூடக் கேட்டது. இனி எங்கே அமைதி, இனி எங்கே இன்னொருக்கா என்று நினைத்தபோதுதான் கவனித்தேன், அந்தச் சிரிப்பு அத்தனையும் மேலும் கீழுமாகச் சேர்ந்து வந்துகொண்டிருந்தது, ஒரு சத்தம்கூடத் தனியாகக் கத்தவில்லை. திரும்பிப் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில், நாற்காலியில், கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சாந்தாமணி வாசித்துக்கொண்டிருந்தாள்.